சிக்னலை வெட்டுவதா, விலையை ஏற்றுவதா, கிளப்பே கொடுப்பதா: ரிபேட் கடைகளும் ரேஸ் வருமானமும்

ஒரு நூறு டாலரைப் பின்தொடர்ந்து போனால், கட்டிய பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் ரிபேட் கடைகளால் ரேஸ் வருமானத்துக்கு என்ன ஆகிறது என்பது முழுக்கப் புரிந்துவிடும். அமெரிக்காவில் ஒரு ரேஸ் மைதானத்துக்குள் நின்று ஒருவர் ட்ரைஃபெக்டா பூலில் (முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டிய பந்தயத்தில் எல்லாரும் கட்டிய பணம் சேரும் பொதுத் தொகை) 100 டாலர் கட்டுகிறார். பிடித்தம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 டாலர் ஜெயித்தவர்களுக்குள் பிரிந்துவிடும், 25 மைதானத்தில் நிற்கும், அதில் மாநில வரி போக மீதியை மைதானமும் குதிரை உரிமையாளர்கள், டிரைனர்கள் தரப்பும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த இரண்டாவது பங்குதான் பரிசுத்தொகை.

அதே ஆள் அதே நூறை, குராசாவ், செயின்ட் கிட்ஸ் மாதிரி ஒரு கரீபியன் தீவில் பதிவான கடை மூலமாகக் கட்டுகிறார். பணம் அதே பூலுக்குத்தான் வருகிறது, பிடித்தமும் அதே 25தான். ஆனால் கடை மைதானத்துக்குத் தருவது சிக்னல் கட்டணம் (ரேஸ் ஒளிபரப்பை வாங்கி அதற்குப் பந்தயம் எடுப்பதற்கான விலை) மட்டும், அதை 5 டாலர் என்று வைப்போம். மீதி 20 கடையின் கையில். அதிலிருந்து 14 டாலரைக் கட்டியவருக்கே, ஜெயித்தாலும் தோற்றாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, 6 டாலரைக் கடை வைத்துக்கொள்கிறது. இந்த 14தான் ரிபேட்.

குதிரையை வளர்த்து, பழக்கி, தரையைப் பராமரித்து, விடியற்காலையில் லாயத்தைத் திறந்து தீவனம் போட்டு ரேஸ் நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 5 டாலர், தீவில் சர்வர் வைத்திருப்பவருக்கு 6 டாலர். இந்தக் கணக்கு முதலில் பிடிபட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் நியாயம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு ரேஸ் கிளப் முடிவெடுத்தால் லாயத்துக்கு வருகிற அந்த 5-ம் போய்விடலாம். அதனால் கிளப் முன்னால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் பேச்சில் எல்லாரும் இதைக் குழப்புகிறார்கள். வெளிநாட்டுக் கடை என்றால் இரண்டு ஜாதி. ஒன்று, மேலே சொன்ன மாதிரி ஒப்பந்தம் போட்டு, பணத்தை மைதானத்தின் பூலிலேயே கலந்து, கட்டணம் கொடுக்கிற கடை. இன்னொன்று, மைதானத்தின் முடிவையும் ஆட்ஸையும் (ஜெயித்தால் எத்தனை மடங்கு என்பதையும்) மட்டும் எடுத்துக்கொண்டு பந்தயத்தைத் தானே வைத்துக்கொள்கிற கடை. அங்கே போகும் நூறு டாலரில் ஒரு சென்ட் கூட ரேஸுக்கு வராது. இரண்டாவது வகையிடம் பேரம் பேச ஒன்றுமே இல்லை, சட்டம், தடை, வழக்கு இவைதான். பிரச்சினை என்னவென்றால் முதல் வகையை விரட்டினால் ஆட்கள் வீட்டுக்குப் போவதில்லை, பலர் இரண்டாவது வகைக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, முதல் வழி: சிக்னலை வெட்டுவது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. 1978இல் வந்த மாநிலங்களுக்கு இடையிலான குதிரைப் பந்தயச் சட்டப்படி, ஒரு மைதானத்தின் ரேஸுக்கு வேறு மாநிலத்தில் பணம் வாங்க வேண்டுமென்றால் ரேஸ் நடத்துகிற மைதானத்தின் சம்மதம் வேண்டும், அந்த மைதானத்தின் குதிரை உரிமையாளர்கள், டிரைனர்களின் சங்கமும் ஒப்ப வேண்டும், ரேஸிங் கமிஷன்களும் ஒப்ப வேண்டும். 2005 ஜனவரியில் நியூயார்க்கில் 17 பேர் மேல் ஃபெடரல் குற்றப்பத்திரிகை வந்து அதில் ரிபேட் கடைகள் பேசப்பட்ட பிறகு, சில மைதானங்கள் அந்த வகைக் கடைகளுக்குச் சிக்னலை நிறுத்தின. 2008இல் சங்கங்கள் அதே ஆயுதத்தை வேறு மாதிரி எடுத்தன: இணையக் கணக்கு மூலம் வரும் பந்தயத்தில் பிடித்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட பரிசுத்தொகைக்கு வர வேண்டும் என்று கேட்டு, சம்மதத்தை நிறுத்திவைத்தன. கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம் அந்தச் சண்டையின் நடுவில் பரிசுத்தொகையைக் குறைத்தது. கேட்டது நியாயமான பங்கு, ஆனால் அந்த சீசனில் உரிமையாளர்களுக்கும் டிரைனர்களுக்கும் கையில் வந்தது குறைவு. வெட்டுவதில் இருக்கிற வலி இதுதான்: இழப்பு அன்றைக்கே தெரியும், லாபம் வருமா என்பது பல சீசன் கழித்துத்தான் தெரியும்.

ஆனாலும் இந்த வழியைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு பூலில் 100 டாலர், அதில் 30 கம்ப்யூட்டர் வைத்து விளையாடுகிற பெரிய கைகளுடையது, 70 மற்றவர்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். (அமெரிக்காவில் இன்றைக்கு மொத்தப் பந்தயத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கம்ப்யூட்டர் கோஷ்டிகளுடையது என்று துறைக்குள் பரவலாகச் சொல்கிறார்கள், அதனால் 30 என்பது கற்பனை எண் இல்லை.) பிடித்தம் 25 போக 75 திரும்பி வரும். பெரிய கைகள் கெட்டிக்காரர்கள், ரிபேட்டுக்கு முன் அவர்கள் தோற்பது 12 சதவீதம்தான் என்றால் 26.40 டாலரை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், 14 சதவீத ரிபேட் சேர்ந்ததும் அது லாபமாகிவிடும். மீதி 48.60 டாலர் அந்த 70க்கு. அதாவது சாதாரண ஆள் 25 சதவீதம் போகும் என்று நினைத்துக் கட்டுகிறார், உண்மையில் போவது 30 சதவீதத்துக்கும் மேல். டிக்கெட்டில் எங்கேயும் இது எழுதியிருக்காது. அவருக்குத் தெரிவதெல்லாம் முன்பு சனிக்கிழமை முழுக்க வந்த பணம் இப்போது நாலாவது ரேஸோடு தீர்ந்துபோகிறது என்பதுதான்.

இப்போது பெரிய கைகள் போய்விட்டதாக வையுங்கள். மற்றவர்கள் முன்பு தோற்ற அளவு பணத்தையே, அதாவது 21.40 டாலரை, தொடர்ந்து தோற்கத் தயார் என்றால், 25 சதவீத வேகத்தில் அந்தப் பணம் கிட்டத்தட்ட 86 டாலர் பந்தயமாகச் சுழலும். மொத்தம் 100லிருந்து 86ஆகக் குறைந்தது, தலைப்புச் செய்தி கெட்ட செய்தி. ஆனால் மைதானத்துக்குள் கட்டுகிறவர்களாக அவர்கள் இருந்தால் மைதானத்தில் நிற்கும் பிடித்தம் 19 டாலரிலிருந்து (17.50-ம் சிக்னல் கட்டணம் 1.50-ம்) 21.40ஆக ஏறிவிடும்! அதே ஆட்கள் மைதானத்துக்கு வராமல் 10 சதவீதம் மட்டும் கட்டணம் தருகிற கணக்குகள் மூலம் கட்டினால் இந்த லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும், முன்பும் எட்டரை டாலர், பின்பும் எட்டரை. அதனால் சிக்னலை வெட்டுவது யாருக்குப் பொருந்தும் என்றால், கூட்டம் இன்னும் நேரில் வருகிற, நியூயார்க்கின் சரடோகா மாதிரி மைதானங்களுக்கு. காலி கேலரியோடு நடக்கிற வார நாள் ரேஸுக்கு இது தற்கொலை.

இரண்டாவது வழி: சிக்னல் கட்டணத்தை ஏற்றுவது. எனக்கு இதில் நம்பிக்கை அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் இந்தக் கட்டணம் 3 சதவீதம் மாதிரிதான் இருந்தது. அப்போது பெரும்பகுதிப் பணம் மைதானத்துக்குள்ளேயே வந்தது, வெளியூரில் சிக்னல் விற்பது மேல்வரும்படி, கிடைத்தது லாபம் என்று கொடுத்தார்கள். பிறகு காலம் தலைகீழாகி, பணத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வர ஆரம்பித்தது, ஆனால் விலை அதே வேகத்தில் ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் ரிபேட் கடை பிறந்தது. ரிபேட் என்பது கடைக்காரரின் தாராளம் இல்லை, ரேஸ் நடத்துகிறவர் தன் சரக்குக்குக் குறைவாக விலை வைத்ததில் மிஞ்சிய பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, இங்கே அளக்காமல் போட்டுவிட்டு ஆற்றைக் குறை சொல்கிறோம்.

அளந்து பார்க்கலாம். ஒருவர் இந்த சீசனில் 1,000 டாலர் வரை தோற்கத் தயார். மைதானத்தில் 25 சதவீதத்தில் விளையாடினால், வந்ததைத் திரும்பக் கட்டிக் கட்டி அந்த ஆயிரம் 4,000 டாலர் பந்தயமாகும், பிடித்தமாக நிற்பது 1,000. அவர் ரிபேட் கடைக்குப் போனால் அவருக்கு உண்மையான விலை 11 சதவீதம், அதே ஆயிரம் 9,000 டாலருக்கும் மேல் சுழலும். மைதானத்துக்கு 5 சதவீதம் வீதம் சுமார் 450 டாலர். கவனியுங்கள், மொத்தப் பந்தயத் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, ஆண்டறிக்கையில் அம்புக்குறி மேலே போகும், கல்லாவில் வந்தது பாதி கூட இல்லை. ரேஸ் துறையில் யாராவது மொத்தத் தொகையை மட்டும் காட்டி 'பாருங்கள் வளர்ச்சி' என்றால் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: நூறுக்கு எவ்வளவு லாயத்துக்கு வந்தது?

கட்டணத்தை 10 ஆக்கினால்? கடை தன் 6ஐ விடாது, ரிபேட் 9ஆகக் குறையும், அவருக்கு விலை 16. ஆயிரம் டாலர் 6,250ஆகச் சுழன்று மைதானத்துக்கு 625 கொடுக்கும். தொகை குறைந்தது, வருமானம் ஏறியது. இந்த ஆளைப் பொறுத்தவரை ஏற்றுவதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது கம்ப்யூட்டர் கோஷ்டியைப் பற்றி. சாதாரண ரிபேட் ஆள் விலை ஏறினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார், பழக்கம், ஆசை, எல்லாம் அவரை இழுத்துப் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் கிடையாது. 12 சதவீதம் தோற்கிற கோஷ்டிக்கு ரிபேட் 12க்குக் கீழே போன அன்றைக்குக் கணக்கு நஷ்டம், நிரல் நின்றுவிடும். மேலே உள்ள எண்களின்படி அந்த எல்லை 7 சதவீதக் கட்டணத்தில் வருகிறது. 7 வரை ஏற்றினால் எல்லாரும் இருப்பார்கள், 8 வைத்தால் ஒரு பெரிய கட்டு ஒரே நாளில் காணாமல் போகும். இதனால்தான் எல்லாப் பூலுக்கும் ஒரே கட்டணம் என்பது மோசமான ஒப்பந்தம் என்கிறேன். வின் பூலில் (முதலில் வரும் குதிரையை மட்டும் சொல்லும் பந்தயம்) பிடித்தம் 16 சதவீதம் மாதிரி, அங்கே கொடுக்கவும் வாங்கவும் இடம் குறைவு; ட்ரைஃபெக்டாவில் 25, அங்கே இடம் நிறைய. பூல்வாரியாகக் கட்டணம் போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை அரை சதவீதமாக ஏற்றிப் பார்த்து எங்கே முறிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனி மைதானம் ஒன்று இதைச் செய்தால் கடை அந்தச் சிக்னலையே விட்டுவிடும் என்ற பயம் உண்மையானது. அதற்காகத்தான் 2007இல் சர்ச்சில் டவுன்ஸும் மேக்னாவும் (இரண்டும் பல மைதானங்களை வைத்திருந்த நிறுவனங்கள்) சேர்ந்து டிராக்நெட் மீடியா என்று ஒரு கூட்டு நிறுவனமே வைத்துச் சிக்னலைச் சேர்த்து விற்றார்கள்.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இன்றைக்குப் பெரிய ரிபேட் கடைகளில் ஒன்றான எலீட் டர்ஃப் கிளப், சான்டா அனிடாவையும் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கையும் நடத்துகிற ஸ்ட்ரோனாக் குழுமத்தின் கையில்தான் இருக்கிறது, நியூயார்க் மைதானங்களை நடத்துகிற நியூயார்க் ரேஸிங் அசோசியேஷனுக்கும் அதில் பங்கு உண்டு. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது விலையை ஏற்றச் சொல்லி யார் யாரிடம் பேரம் பேசுவது? மைதானத்துக்கு ஒரு பையில் குறைந்தாலும் இன்னொரு பையில் வரும். குதிரை உரிமையாளருக்கு இருப்பது ஒரே பை. அதனால் இந்த வழியைத் தள்ள வேண்டியவர்கள் சங்கங்கள்தான், 1978 சட்டம் அவர்களுக்குக் கொடுத்த சம்மத உரிமையை வெட்டுவதற்குப் பதில் விலை பேசுவதற்குப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது வழி: ரிபேட்டைக் கிளப்பே, வெளிப்படையாகக் கொடுப்பது. இதற்கு ஹாங்காங்கை விட நல்ல பாடம் இல்லை.

ஹாங்காங் ஜாக்கி கிளப்பின் ரேஸ் பந்தயத் தொகை 1996-97 சீசனில் 92.4 பில்லியன் ஹாங்காங் டாலர். 2005-06இல் அது 60 பில்லியனுக்கு வந்துவிட்டது. சட்டவிரோதப் புக்கிகளும் வெளிநாட்டுக் கடைகளும் பெரிய ஆட்களுக்கு நூறுக்குப் பத்து, அதற்கும் மேல் தள்ளுபடி கொடுத்தார்கள், கடனும் கொடுத்தார்கள். முதலில் சட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள்: 2002இல் வெளிநாட்டுப் புக்கியிடம் கட்டுவதே குற்றம் என்று திருத்தம் வந்தது, கட்டியவருக்கே 30,000 ஹாங்காங் டாலர் வரை அபராதமும் 9 மாதம் வரை சிறையும் உண்டு. அப்படியும் சரிவு நிற்கவில்லை. 2006இல்தான் அடிப்படையை மாற்றினார்கள். அதுவரை அரசு மொத்தப் பந்தயத் தொகையின் மேல் வரி போட்டது, அதனால் கிளப் ஒரு டாலர் தள்ளுபடி கொடுத்தாலும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வரியை கிளப்பின் நிகர வரவுக்கு மேல், 72.5 முதல் 75 சதவீதம் வரை என்று மாற்றியதும், கொடுக்கிற தள்ளுபடியின் பெரும்பகுதி வரிக்கணக்கில் கழிந்துவிட்டது. பதிலுக்கு முதல் மூன்று சீசன்களுக்கு ஆண்டுக்கு 8 பில்லியன் வரி நிச்சயம் என்று கிளப் அரசுக்கு உறுதி கொடுத்தது. அப்புறம் 10,000 ஹாங்காங் டாலரும் அதற்கு மேலும் கட்டித் தோற்ற பந்தயத்துக்கு 10 சதவீதம் திரும்ப, குறிப்பிட்ட பூல்களில். 2013-14 சீசனில் தொகை 100 பில்லியனைத் தாண்டியது.

இதில் எனக்குப் பிடித்தது மூன்று விஷயம். யாருக்கு எவ்வளவு என்பது எழுதிவைத்த விதி, ரகசிய ஒப்பந்தம் இல்லை. தோற்றதற்கு மட்டும் திரும்பத் தருகிறார்கள். போன பணம் அதே பூலுக்குள் திரும்பி வந்தது, நடுவில் 6 டாலர் எடுத்துக்கொள்கிற கடை இல்லை. சின்ன ஆளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது குறைதான், நான் அதைக் குறையாகவே பார்க்கிறேன்.

ஆனால் ஹாங்காங்கில் ஒரே கிளப், ஒரே அரசு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம், மைதானத்துக்கு ஒரு முதலாளி, ஒருவர் ரிபேட் அறிவித்தால் பக்கத்து மைதானம் அதை விட ஒரு புள்ளி கூடக் கொடுக்கும். அப்படியே பெயர்த்து நட முடியாது. பெயர்க்க முடிந்தது அந்த வெளிப்படைத்தன்மை: 'எங்கள் சொந்தக் கணக்கில் மாதம் இத்தனை டாலர் கட்டினால் யாராக இருந்தாலும் இவ்வளவு திரும்ப' என்று ஒரு அட்டவணை. 14 கொடுக்கத் தேவையில்லை. மைதானத்தின் சொந்தக் கணக்கில் 8 கொடுத்தால் கூட, வரிக்கு முன் 17 கையில் நிற்கிறது, தீவுக் கடை வழியாக வந்தால் 5. ஏழெட்டு ஆயிரம் கட்டுகிற நடுத்தர ஆட்கள், தீவுக் கடையில் கணக்குத் திறக்கவே தகுதி இல்லாதவர்கள், இதற்குத்தான் வருவார்கள்.

நான்காவது வழி எல்லாருக்கும் பிடித்தத்தையே குறைப்பது. கேட்க இதுதான் நேர்மையானது, மனசுக்கு எனக்கு இதுதான் நெருக்கம், ஆனால் அனுபவம் கையைக் கட்டுகிறது. மினசோட்டாவின் கேன்டர்பரி பார்க் 2016இல் வின் வகைப் பந்தயங்களுக்கு (ஒரே குதிரை முதல் மூன்று இடத்துக்குள் வருவதைச் சொல்பவை) 15, மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று தைரியமாகக் குறைத்தது. எதிர்பார்த்த அளவு பணம் வரவில்லை, அடுத்த ஆண்டே ஏற்றிவிட்டார்கள். காரணம் புரிகிறது: வெளியூர்க் கடைக்குப் பிடித்தம் குறைந்த சிக்னலில் மிச்சம் குறைவு, அதை விற்க அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? தனியாக ஒரு சின்ன மைதானம் ஒரு சீசன் மட்டும் செய்தால் இப்படித்தான் முடியும். ஏற்றினாலும் நல்லது நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கென்டக்கியின் கீன்லாண்ட் மைதானம் 2017இல் வின் வகைப் பிடித்தத்தை 16லிருந்து 17.5 ஆக்கியது, அடுத்த ஆண்டே 16க்குத் திரும்பிவந்தது. கலிஃபோர்னியா 2011இல் எக்ஸாக்டா (முதல் இரண்டு குதிரைகளை வரிசையாகச் சொல்வது), ட்ரைஃபெக்டா மாதிரிப் பந்தயங்களுக்கு ஏற்றியபோது ரேஸ் ஆடுகிறவர்கள் புறக்கணிப்பே நடத்தினார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வழி, பணத்தைத் தொடாத வழி: நேரக் கட்டுப்பாடு. கேட் மூடும்போது பலகையில் 5க்கு 1 (ஒரு டாலருக்கு 5 டாலர் லாபம்) என்று இருந்த குதிரை, கேட் திறந்து எதிர்ப் பக்கத்துக்குப் போவதற்குள் 5க்கு 2 (ஒரு டாலருக்கு இரண்டரை) ஆகிவிடும். கடைசிச் சில வினாடிகளில் கம்ப்யூட்டர்கள் கொட்டிய பணம் அப்போதுதான் கணக்கில் ஏறுகிறது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண் சுருங்குவதைப் பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது 'ரேஸ் ஓடும்போதே யாரோ கட்டுகிறார்கள்' என்றுதான். உண்மை அது இல்லை, ஆனால் அப்படித் தோன்றிய ஆள் திரும்ப வருவதில்லை. நியூயார்க் ரேஸிங் அசோசியேஷன் 2021இல் வின் பூலில் கடைசி இரண்டு நிமிடம் கம்ப்யூட்டர் கோஷ்டிகள் கட்டக் கூடாது என்று வைத்தது. செலவே இல்லாத காரியம், எந்த மைதானமும் நாளைக்கே செய்யலாம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் வரிசை இது. பூலில் பணத்தைக் கலக்காத கடைக்குச் சட்டம், தடை, வழக்கு, அதில் பேச்சே இல்லை. கலக்கிற கடைக்குப் பூல்வாரிக் கட்டணம், மெதுவாக ஏற்றம். பக்கத்திலேயே மைதானத்தின் சொந்த ரிபேட் அட்டவணை, யாரும் படிக்கிற மாதிரி. வின் பூலுக்கு இரண்டு நிமிடப் பூட்டு. பிடித்தக் குறைப்பை முதலில் வின் பூலில் மட்டும், குறைந்தது மூன்று சீசனுக்கு வாக்குக் கொடுத்து, பக்கத்து மைதானங்களையும் கூட்டிக்கொண்டு செய்தால் ஒழிய நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்தச் சங்கம் அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய காகிதம் ஒன்றுதான்: ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு பூலிலும் எவ்வளவு பணம் வந்தது, அதில் எவ்வளவு கட்டணம், அதில் எவ்வளவு பரிசுத்தொகைக்குப் போனது. அமெரிக்காவின் மொத்தப் பந்தயத் தொகை 2003இல் 15 பில்லியன் டாலருக்கு மேல், 2024இல் 11 பில்லியன் சொச்சம், நடுவில் விலைவாசி ஏறியதைச் சேர்த்தால் சரிவு இன்னும் ஆழம். அந்த 11இல் லாயத்துக்கு எவ்வளவு வந்தது என்று காட்டும் காகிதம் மேஜைக்கு வராமல் சம்மதக் கையெழுத்துப் போடக் கூடாது.